குளிர் நாடுகளில் ரோஜாச் செடிகளின் குளிர்கால ஆயத்தம்

நிலம் உறையும் அளவுக்குக் குளிர் விழும் நாடுகளில், தோட்டத்து ரோஜாச் செடிகள் அடுத்த வசந்தம் வரை உயிரோடிருக்கும்படி அவற்றைக் கோடையின் இறுதியிலிருந்தே உறக்கநிலைக்குப் பழக்கும் பணி குளிர்கால ஆயத்தம் எனப்படுகிறது. உரத்தை நிறுத்துதல், பூக்கொய்வதைக் கைவிடுதல், நீர் பாய்ச்சுதல், நோயுற்ற இலைகளை அகற்றுதல், மண் அணைத்தல், மூடாக்கிடுதல் ஆகியவை இதில் அடங்கும். கனடாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வட ஐரோப்பாவிலும் ரோஜா வளர்ப்போர் ஆண்டுதோறும் செய்யும் வேலை இது.

பலரும் இதைச் செடியைப் போர்த்தி மூடும் வேலை என்றே எண்ணுகிறார்கள். போர்த்துவது இதன் கடைசிப் படி. செடி பிழைக்குமா என்பது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே, அது பார்வைக்குச் செழிப்பாக நிற்கும்போதே முடிவாகிவிடுகிறது. "குளிர் வரப்போகிறதே, செடிக்குத் தெம்பு வேண்டுமே" என்று அந்த நாட்களில் அன்போடு போடும் ஒரு பிடி உரம், குளிரைவிடப் பெரிய கேட்டைச் செய்யக்கூடும்.

பின்னணி

ஐரோப்பாவின் பழைய ரோஜா வகைகளான காலிக்கா, ஆல்பா போன்றவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், கோடைத் தொடக்கத்தில் பூப்பவை. பூத்து முடிந்ததும் தண்டை முற்றவைத்து, இலையை உதிர்த்து, உறங்கிவிடும். அவற்றுக்குப் போர்வை தேவைப்பட்டதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ரோஜாக்கள் இந்த நிலையை மாற்றின. அவை வெதுவெதுப்பான பகுதியைச் சேர்ந்தவை. மாதந்தோறும் பூக்கும் இயல்புடையவை. இரண்டையும் கலந்து உருவாக்கிய வகைகளில்தான் இன்றைய பெரும்பாலான தோட்ட ரோஜாக்களின் வேர் இருக்கிறது. 1867இல் பிரான்சில் வெளியான 'லா பிரான்ஸ்' என்ற வகையை முதல் ஹைப்ரிட் டீ ரோஜாவாகக் கொள்வது மரபு. இதிலுள்ள 'டீ' தேநீரைக் குறிப்பதே. சீனத்து முன்னோரின் பூவில் தேயிலை மணம் வீசியதாகக் கூறி இப்பெயரிட்டார்கள்.

ஓயாமல் பூக்கும் இந்த இயல்புதான் குளிர் நாட்டில் சிக்கலாகிறது. ஹைப்ரிட் டீ செடிக்குத் தானாக நிறுத்தத் தெரியாது. நீரும் உரமும் வெயிலும் கிடைக்கும்வரை தளிர்விட்டுக்கொண்டே இருக்கும். முதல் கடும் உறைபனி விழும் காலையில்கூட அதன் நுனியில் சிவந்த கொழுந்தும் மொட்டும் இருக்கலாம்.

செடி குளிருக்குப் பழகும் விதம்

ஒரே செடியின் ஒரே தண்டு ஜூலையில் சுழியத்துக்குக் கீழே 2 அல்லது 3 டிகிரி செல்சியஸில் கருகிவிடும். அதுவே டிசம்பரில் அதைவிடப் பல மடங்கு குளிரைத் தாங்கும். இடையில் நடப்பதுதான் குளிர்ப்பழக்கம்.

பகல் பொழுது குறையக் குறைய வளர்ச்சி மெதுவாகி நிற்கிறது. இது முதல் கட்டம். அதன்பின் இரவுகள் குளிர்ந்து லேசான உறைபனி சில தடவை விழும்போது இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. தண்டில் சேர்ந்திருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, செல்லுக்குள் இருக்கும் சாறு அடர்த்தியாகிறது. செல்லின் உள்ளிருக்கும் நீரில் ஒரு பங்கு வெளியேறி, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் தங்குகிறது. குளிர் வரும்போது அந்த வெளி நீர் முதலில் உறைகிறது. உள்ளே இருக்கும் அடர்ந்த சாறு எளிதில் உறைவதில்லை. செல்லுக்கு வெளியே பனிக்கட்டி இருந்தால் செடி பிழைக்கும். செல்லுக்கு உள்ளே பனிக்கட்டி உண்டானால் சவ்வு கிழிந்து செல் செத்துவிடும். சர்க்கரைப் பாகு வெறும் தண்ணீரைப் போல உறைவதில்லை என்பதைச் சமையலறையில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்த மாற்றத்துக்குப் பல வாரங்கள் வேண்டும். நீர் நிறைந்து, சுவர் மெலிந்து, பச்சையாக நிற்கும் இளந்தளிருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அதனால் முதலில் சாவது அதுவே. அது மட்டும் செத்தால் பெரிய நட்டமில்லை. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் செடி மாவுச்சத்தைத் தளிருக்குச் செலவிட்டுவிடுவதால், முற்றிய அடித்தண்டும் போதிய சேமிப்பின்றிக் குளிருக்குள் நுழைகிறது.

பழகிய செடிக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சில நாள் வெயில் அடித்து வெப்பம் சுழியத்துக்கு மேலே ஏறினால் செடி தன் பழக்கத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. அடுத்த இரவே குளிர் திடீரென இறங்கினால் தாங்காது. தொடர்ந்து நிலைத்திருக்கும் குளிரைவிட, இப்படி ஏறி இறங்கும் குளிரே அதிகச் செடிகளைக் கொல்கிறது. போர்வை, மூடாக்கு எல்லாம் செடியைச் சூடாக வைப்பதற்கு என்று நினைப்பது தவறு. செடியை ஒரே சீரான குளிரில் வைத்திருப்பதே அவற்றின் வேலை.

உரத்தை நிறுத்த வேண்டிய காலம்

பொதுவான விதி இது: அந்த ஊரில் முதல் உறைபனி வழக்கமாக விழும் நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தழைச்சத்து தரும் எந்த உரத்தையும் நிறுத்திவிட வேண்டும். மினியாப்பொலிஸ் நகரில் முதல் உறைபனி பெரும்பாலும் அக்டோபர் தொடக்கத்தை ஒட்டி வரும். எனவே அங்கே ஆகஸ்ட் நடுவில் கடைசி உரம். டொரன்டோவில் ஏரியை ஒட்டிய பகுதிகளுக்கு இன்னும் ஓரிரு வாரம் கிடைக்கும். ஆனாலும் ஆகஸ்ட் மாதத்தோடு நிறுத்துவது நல்லது.

உர மூட்டையின் மேல் 10-10-10, 5-10-5 என்று மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. கோடையின் கடைசியில் பார்க்க வேண்டியது முதல் எண்ணை. மெழுகு போன்ற உறை பூசிய, மெதுவாகக் கரையும் உரக் குருணைகளில் இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு மாதம் வேலை செய்யும் குருணையை ஜூலையில் போட்டால், போட்டவர் மறந்தபின்னும் அது அக்டோபர் வரை கசிந்துகொண்டிருக்கும். அத்தகைய உரத்தை வசந்தத்தில் ஒருமுறை இடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இலையுதிர் காலத்தில் கடைகளில் 'குளிர்கால உரம்' என்ற பெயரில் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை புல்தரைக்கானவை, தழைச்சத்து மிகுந்தவை. புல்லுக்கு அது பொருந்தும். பெயரைப் பார்த்து ரோஜாவுக்கு வாங்கிப் போடுவோர் ஏமாறுகிறார்கள். புல்தரைக்குத் தூவும்போதும் ரோஜாப் பாத்தியின் ஓரத்தில் சிதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாம்பல்சத்து தண்டைத் திடப்படுத்தும் என்பது தோட்டக்காரர்களிடையே பரவலான நம்பிக்கை. மண்ணில் அச்சத்து குறைவாக இருந்தால் இது உண்மை. அது குறைந்த செடி குளிரில் எளிதில் கெடும். ஆனால் மண்ணில் போதிய அளவு இருக்கும்போது மேலும் கொட்டுவதால் கூடுதல் பலன் இல்லை. எனவே கோடை முடிவில் 0-10-10 போன்ற தழைச்சத்து இல்லாத உரத்தை இடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்வதே முறை. பரிசோதனைக்கு வழியில்லாதவர்கள் ஒன்றும் போடாமல் விடுவது, எதையாவது போடுவதைவிடப் பாதுகாப்பானது.

எலும்புத் தூளுக்கும் இதே கதிதான். அதிலுள்ள மணிச்சத்து அமில மண்ணில் மட்டுமே கரைந்து வேருக்குக் கிடைக்கும். தென் ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்தது, காரத்தன்மை உடையது. அங்கே எலும்புத் தூள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், நாயும் நரியும் தோண்டுவது மட்டுமே நடக்கும். அடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு என்றாலும் அது மண்ணின் காரத்தை மேலும் கூட்டும். வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை ஆகியவற்றில் இருக்கும் சத்து மிகக் குறைவு. அவற்றைக் குளிருக்கு முன் செடியடியில் புதைத்தால் எலிக்கும் அணிலுக்கும் விருந்து வைத்ததாகும். கம்போஸ்ட் குழிதான் அவற்றுக்கு ஏற்ற இடம்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குளிர் நாடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. தமிழகச் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் ரோஜாவைக் கவாத்து செய்து, தொழு உரமும் கலப்பு உரமும் இட்டு, நீர் பாய்ச்சுவது வழக்கம். அங்கே அதுதான் சரியான பருவம். வெயில் தணிந்து நல்ல பூ கிடைக்கும். அதே மாதத்தில் அதே வேலையை டொரன்டோவில் செய்தால், வெட்டிய இடத்திலிருந்து புதுத்தளிர் கிளம்பி, அது முற்றுமுன் நவம்பர்க் குளிரில் சிக்கும். கைப்பழக்கம் பிழையில்லை, நாட்காட்டிதான் வேறு.

மக்கிய தொழு உரத்தைப் பற்றிக் கேள்வி எழும். கோடை முடிவில் மண் வெதுவெதுப்பாக இருக்கையில் இட்டால் அதுவும் தழைச்சத்தை விடுவிக்கும். மண் நன்றாகக் குளிர்ந்தபின், நவம்பரில், மூடாக்காக இட்டால் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய ஓய்ந்திருப்பதால் கெடுதல் இல்லை. வசந்தத்தில் அதுவே எருவாகும். மக்காத புதுச் சாணத்தை எக்காலத்திலும் செடியை ஒட்டிக் கொட்டக் கூடாது.

நீர், பூ, இலை

உரத்தை நிறுத்தச் சொல்வதைப் பலர் நீருக்கும் சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். காய்ந்த வேரோடு குளிருக்குள் போகும் செடி சாவதற்கே வாய்ப்பு அதிகம். நிலம் உறைந்தபின் வேரால் நீரை இழுக்க முடியாது. ஆனால் வறண்ட குளிர்காற்று தண்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே மழை இல்லாத இலையுதிர் காலத்தில் நிலம் உறையும் வரை வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விட வேண்டும். அதேசமயம் நீர் தேங்கும் இடத்தில் இருக்கும் ரோஜாவை எந்தப் போர்வையாலும் காப்பாற்ற முடியாது. அதை வசந்தத்தில் மேட்டுக்கு மாற்றுவதே வழி.

செப்டம்பர் பிறந்ததும் வாடிய பூக்களை வெட்டுவதை நிறுத்தலாம். வெட்டும் ஒவ்வொரு முறையும் கீழே உள்ள கணு விழித்துத் தளிர்க்கிறது. வெட்டாமல் விட்டால் இதழ் உதிர்ந்து காய் பிடிக்கும். சிவந்த அந்தக் காய்கள் பார்க்கவும் அழகு, பறவைகளுக்கும் உணவு. பூ கண்ணுக்கு வாடித் தெரிவது பிடிக்காதவர்கள் இதழ்களை மட்டும் கையால் உதிர்த்துவிடலாம்.

கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை, உதிர்ந்த இலைகளிலும் தண்டிலுள்ள புண்களிலும் தங்கிக் குளிர்காலத்தைக் கடக்கிறது. போர்வைக்குள் நோயுற்ற இலையையும் சேர்த்து மூடினால் அடுத்த ஆண்டுக்கான நோயைச் சேமித்து வைத்ததாகும். இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். வீட்டுக் கம்போஸ்ட் குழி பெரும்பாலும் அந்தப் பூஞ்சையைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை என்பதால் அதில் போடாமல் இருப்பது நல்லது.

இலையுதிர் காலத்தில் முழுக் கவாத்து கூடாது. காற்றில் ஆடி வேரை அசைக்கும் நெடிய தண்டுகளை மட்டும் சற்றுக் குறைக்கலாம். குளிரில் நுனி எப்படியும் கருகும். அந்த நீளம் இருந்தால் கீழ்ப்பகுதி தப்பும்.

ஒட்டு முடிச்சின் ஆழம்

கடையில் விற்கும் பெரும்பாலான ஹைப்ரிட் டீ செடிகள் ஒட்டுச் செடிகள். மேலே பூக்கும் வகை, கீழே வேறொரு வலிய ரோஜாவின் வேர். இரண்டும் சேருமிடத்தில் முழங்கை போல ஒரு முடிச்சு இருக்கும். செடியின் உயிர் அங்கேதான். தண்டுகள் எல்லாம் கருகினாலும் முடிச்சு பிழைத்தால் புதுத்தண்டு வரும்.

வெப்ப நாடுகளில் இந்த முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். கடுங்குளிர் நாடுகளில் இதற்கு நேர்மாறாக, முடிச்சு மண்ணுக்கு 5 செ.மீ. அல்லது அதற்கும் சற்றுக் கீழே இருக்கும்படி நடுகிறார்கள். மண்ணே அதற்கு முதல் போர்வை. நாளடைவில் மேற்பகுதித் தண்டும் சொந்த வேர் விடும். அப்படி வேர்விட்ட செடி ஒட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை.

மண் அணைத்தல்

இதுவே மிகப் பரவலான முறை. சில கடும் உறைபனிகள் விழுந்து இலைகள் கருகியபின், ஆனால் நிலம் கெட்டியாகுமுன், செடியின் அடியைச் சுற்றி 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண்ணைக் குன்று போல அணைக்க வேண்டும். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் இது பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை வரும். மண்ணைத் தோட்டத்தின் வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். செடியைச் சுற்றியே சுரண்டி எடுத்தால் வேர் வெளியே வந்து, செய்த வேலையே வினையாகிவிடும்.

மண் குன்று உறைந்தபின் அதன்மேல் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றைப் பரப்பி, காற்றில் பறக்காமல் கம்பி வலை வளையம் கட்டலாம். உறைவதற்கு முன்பே வைக்கோலைப் பரப்பினால் வயல் எலிகள் குடியேறி, குளிர்காலம் முழுவதும் ரோஜாப் பட்டையைக் கொறித்துத் தின்னும். முயல் தொல்லை உள்ள இடத்தில் வலையின் உயரத்தை எதிர்பார்க்கும் பனியின் உயரத்துக்கும் மேலாக வைக்க வேண்டும். முயல் பனியின் மேல் ஏறி நின்று கடிக்கும்.

வெண்பனி ஒரு நல்ல போர்வை. அதில் சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில்லை. பாதையிலிருந்து வாரும் பனியை ரோஜாப் பாத்தியில் குவிக்கலாம். உப்பு தூவிய சாலைப் பனியை மட்டும் அங்கே கொட்டவே கூடாது.

கடைகளில் கிடைக்கும் தெர்மோகோல் கூம்புகள் பார்வைக்கு வசதியானவை. வெயில் நாளில் அவற்றின் உள்ளே வெப்பம் ஏறி, முன்னர்க் கூறிய ஏற்ற இறக்கத்தை அதிகப்படுத்திவிடும். ஈரம் அடைபட்டுப் பூஞ்சையும் பிடிக்கும். பயன்படுத்துவோர் மேற்பக்கம் காற்றுத் துளைகள் இட்டு, உள்ளே மண்ணும் அணைத்தால்தான் பலன் உண்டு. பாலித்தீன் தாளால் செடியைச் சுற்றிக் கட்டுவது இதைவிட மோசம்.

மினசோட்டா சாய்ப்பு முறை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குளிர் வேறு தரம். 2019 ஜனவரி இறுதியில் மினியாப்பொலிஸ் நகரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 33 டிகிரி வரை இறங்கியது. ஹைப்ரிட் டீ தண்டுகள் இதில் பாதியைக்கூட வெறுமனே தாங்குவதில்லை. மண் அணைத்தால் அடிமட்டும் பிழைக்கும். செடி ஆண்டுதோறும் தரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முழுத் தண்டையும் காப்பாற்ற அங்குள்ள ரோஜா வளர்ப்போர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்ட வழி, செடியையே படுக்கவைத்துப் புதைப்பது. 'மினசோட்டா சாய்ப்பு' என்று இதற்குப் பெயர்.

அக்டோபர் நடுவில் வேலை தொடங்கும். செடிக்கு முதலில் நன்றாக நீர் விட்டு மண்ணை இளக்குவார்கள். இலைகளை நீக்கி, பூஞ்சைக்கொல்லி தெளித்து, தண்டுகளை ஒன்றுசேர்த்துச் சணல் கயிற்றால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டுவார்கள். முள் நிறைந்த செடியைக் கையாள அடர்ந்த தோல் கையுறை வேண்டும். பின்னர்ச் செடியின் அடியிலிருந்து அதன் உயரத்துக்குச் சமமான நீளத்தில், கட்டின் பருமனை உள்ளடக்கும் அகலத்தில், ஒரு பள்ளம் தோண்டுவார்கள்.

அடுத்த படியில்தான் பொறுமை தேவை. பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வேரைச் சுற்றியுள்ள மண்ணை முட்கள் கொண்ட மண்கிளறியால் மெதுவாக இளக்க வேண்டும். பிறகு அதையே நெம்பாகக் கொண்டு செடியைப் பள்ளத்தின் பக்கம் தள்ள வேண்டும். வளைவது தண்டாக இருக்கக் கூடாது. வேர்க்கட்டோடு செடி முழுவதும், கதவு கீலில் திரும்புவது போலச் சாய வேண்டும். தண்டைப் பிடித்து வளைப்பவர்கள் ஒட்டு முடிச்சை முறித்துவிடுவார்கள். சாய மறுத்தால் இன்னும் சற்று மண்ணை இளக்க வேண்டுமே ஒழிய, பலத்தைக் கூட்டக் கூடாது.

செடி பள்ளத்தில் படுத்தபின் அதன்மேல் மண்ணை மூடி, கட்டிய கயிற்றின் ஒரு முனையை அடையாளத்துக்கு வெளியே விட்டுவைப்பார்கள். நவம்பரில் மேல்மண் உறையத் தொடங்கும்போது அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு இலை அல்லது வைக்கோல். அந்த மூடாக்குக்கும் நீர் தெளிப்பது உண்டு. ஈரம் உறைந்து இலைகள் பறக்காமல் இருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் மூடாக்கைப் படிப்படியாக நீக்கி, நடுவில் செடியை அதே பதத்தில் நிமிர்த்துவார்கள். இருபது செடி வைத்திருப்பவருக்கு இது இரண்டு மூன்று வாரக் கடைசிகளின் வேலை. முதுகு வலிக்கும் வேலையும்கூட. அதனாலேயே வயதானவர்கள் பலர் இதை விட்டு, பின்னால் சொல்லப்படும் தாங்குதிறன் மிக்க வகைகளுக்கு மாறுகிறார்கள். மினியாப்பொலிஸில் ஹாரியட் ஏரிக்கு அருகே தியோடர் விர்த் அமைத்து 1908 முதல் இருந்துவரும் லிண்டேல் பூங்கா ரோஜாத் தோட்டம் இம்முறைக்குப் பெயர்பெற்ற இடம்.

கொடி ரோஜா, தொட்டி ரோஜா

கொடி ரோஜாவைப் பந்தலிலிருந்து அவிழ்த்துத் தரையில் படுக்கவைத்து மண்ணாலும் இலையாலும் மூடுவது நல்லது. தண்டு பருத்து வளையாவிட்டால் பந்தலிலேயே வைக்கோலும் சாக்குத் துணியும் சுற்றலாம், பலன் குறைவே. உயரமான ஒற்றைத்தண்டில் குடை போல வளர்த்த ரோஜாவுக்கு ஒட்டு முடிச்சு மேலே, காற்றில் இருப்பதால் அதற்கு ஆபத்து மிகுதி. சாய்ப்பு முறையில் புதைப்பதே அதற்கு ஏற்ற வழி.

தொட்டிச் செடிக்கு வேரே பலவீனம். வேர் தண்டளவு குளிர் தாங்காது. நிலத்தில் இருக்கும்போது மண்ணின் வெப்பம் அதைக் காக்கிறது, தொட்டியில் நாலாபுறமும் குளிர்காற்று. இலை உதிர்ந்தபின் தொட்டியைச் சூடேற்றப்படாத கார் கொட்டகையில், சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் வைத்து, மண் முற்றிலும் காயாதபடி மாதம் ஒருமுறை சிறிது நீர் விட்டால் போதும். இரக்கப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தால் சூட்டில் உறக்கம் கலைந்து, வெளிச்சம் போதாமல் வெளிறிய தளிர் விட்டு, சிலந்திப் பேன் பிடித்துச் செடி நலியும்.

குளிர் தாங்கும் வகைகள்

போர்வையே வேண்டாத ரோஜாக்களை உருவாக்கும் முயற்சி கனடாவில் பெரும் பலன் தந்தது. ஒட்டாவாவிலுள்ள மத்திய ஆய்வுப் பண்ணையில் பெலிசிட்டாஸ் ஸ்வெய்டா 1961 முதல் ருகோசா ரோஜாவையும், ஜெர்மானியரான வில்ஹெல்ம் கோர்டெஸ் உருவாக்கிய கோர்டெசி ரோஜாவையும் அடிப்படையாகக் கொண்டு கலப்பினங்களை வளர்த்தார். குளிருக்குச் செத்தவற்றைக் கழித்து, பிழைத்தவற்றை மட்டும் தேர்ந்தார். கனடாவுக்கு வந்த கடலோடிகள், நாடாய்ந்தோர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய 'ஜான் கேபட்', 'வில்லியம் பாபின்' முதலிய வகைகள் இவ்வரிசையில் வந்தன. மனிடோபா மாநிலத்தின் மார்டென் ஆய்வு நிலையத்திலிருந்து 'பார்க்லாண்ட்' வரிசையும், அமெரிக்காவின் அயோவாவில் கிரிஃபித் பக் உருவாக்கிய 'கேர்ஃப்ரீ பியூட்டி' போன்ற வகைகளும் கிடைத்தன. இவற்றில் பல, சொந்த வேரில் விற்கப்படுகின்றன. குளிரில் தரைமட்டம் வரை கருகினாலும் அதே பூவைத் தரும்.

ஹைப்ரிட் டீயின் கூர்மொட்டு அழகை இவை முழுதும் எட்டவில்லை என்பது உண்மைதான். புதிதாகத் தொடங்குவோர் முதல் ஆண்டில் இவற்றை நட்டு, பிறகு ஹைப்ரிட் டீயில் கைவைப்பது மனவருத்தத்தைக் குறைக்கும்.

இதன் மறுபக்கமாக ஒரு தகவல்: கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன், இந்தியக் காட்டு ரோஜாக்களான ஜைஜான்டியா, கிளைனோபில்லா ஆகியவற்றைக் கொண்டு வெப்பத்தைத் தாங்கும் வகைகளை உருவாக்கியவர். ஒட்டாவாவில் குளிருக்காகச் செய்ததை அவர் வெயிலுக்காகச் செய்தார்.

வசந்தத்தில் திறப்பு

மூடாக்கை ஒரே நாளில் வாரிவிடக் கூடாது. மார்ச் இறுதியிலிருந்து, மண் இளக இளக, அடுக்கடுக்காக நீக்கி, வெயில் இல்லாத மப்பான நாளில் கடைசி அடுக்கை எடுப்பது வழக்கம். ஃபோர்சித்தியாப் புதர் மஞ்சளாகப் பூக்கும் தருணமே கவாத்துக்கு அடையாளம். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி பழுப்பாக இருந்தால் அது செத்தது. வெண்மையும் இளம்பச்சையும் தெரியும் வரை கீழே கீழே வெட்ட வேண்டும். சில ஆண்டுகளில் அது தரையை ஒட்டிவிடும். முடிச்சு உயிரோடிருந்தால் கவலை இல்லை. ஒன்றும் துளிர்க்காத செடியையும் ஜூன் நடு வரை பிடுங்காமல் காத்திருக்க வேண்டும்.

"என் ரோஜா குளிரில் நிறம் மாறிவிட்டது" என்று சிலர் வியப்பார்கள். மஞ்சள் பூத்த செடி மறு ஆண்டு கருஞ்சிவப்பில் சிறு பூக்களைக் கொத்தாகத் தரும். நிறம் மாறவில்லை, மேலே இருந்த மஞ்சள் வகை செத்து, கீழே இருந்த வேர்ச்செடி போத்து விட்டிருக்கிறது. அமெரிக்காவில் பெரிதும் வேர்ச்செடியாகப் பயன்படும் 'டாக்டர் ஹூயி' என்ற வகையின் பூ கருஞ்சிவப்பு. மல்டிபுளோரா வேராக இருந்தால் சிறிய வெண்பூக்கள் வரும். ஒட்டுக்கு மேலிருந்தும் தளிர் வந்திருந்தால், முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்துகளை மண்ணை விலக்கி அடியோடு பிய்த்தெறிய வேண்டும். கத்தரித்தால் மீண்டும் வரும். மேலே ஒன்றுமே இல்லையென்றால் வேறு செடிதான் வாங்க வேண்டும்.

ஆகஸ்டில் நிறுத்திய உரத்தை மீண்டும் தொடங்கும் நேரத்தையும் செடியைப் பார்த்தே தீர்மானிக்கலாம். புதுத்தளிர்கள் ஒரு சாண் அளவு வளர்ந்து இலை விரித்தபின், கடைசி உறைபனி அச்சம் நீங்கும் மே மாத நடுவை ஒட்டி, முதல் உரத்தை ஈரமண்ணில் இட்டு நீர் விட வேண்டும். முதல் அலைப் பூ முடிந்ததும் இரண்டாவது. ஜூலையில் தேவைப்பட்டால் ஒன்று. அத்துடன் ஆகஸ்ட் நடு வந்துவிடும்.